பெற்ற தாயைப் பார்க்கக் காசு வாங்கலாமா?

இங்கிலாந்தில் அம்மாவைப் பராமரிக்க அரசாங்கம் காசு தருமா, வாங்கினால் சொந்தக்காரர் என்ன சொல்வார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மா உங்களோடு இருக்கிறார், நீங்கள் வேலை நேரத்தைக் குறைத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

தரும். கேரர்ஸ் அலவன்ஸ் என்று பெயர். 2025-26இல் வாரம் 83.30 பவுண். வாரத்துக்கு 35 மணி நேரமாவது பார்க்க வேண்டும். ஆனால் முதலில் அம்மாவுக்கு அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் (பிறர் உதவி தேவைப்படும் முதியவர்களுக்கு அரசு தரும் பணம்) அல்லது அதுபோன்ற வேறொரு உதவிப்பணம் கிடைத்திருக்க வேண்டும். அரச உதவி எடுக்கக் கூடாது என்ற நிபந்தனையுள்ள விசாவில் அம்மா இருந்தால் இந்த வழி சரிவராது.

என் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து வலது கை வழங்காமல் போய்விட்டது. அவருக்கான அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் படிவம் நிரப்பியதுதான் பெரும்பாடு. குளிப்பு, உடுப்பு, கழிவறை, இரவில் எழும்புவது எல்லாம் எழுத வேண்டும். நான் ஒவ்வொன்றாக வாசித்துக் கேட்க, "அதெல்லாம் நானே செய்வன்" என்றார் அம்மா. அப்படிச் சொல்லும்போதும் அவருடைய நைட்டிப் பொத்தானை நான்தான் பூட்டிக்கொண்டிருந்தேன். பெரியவர்கள் மானத்துக்காக அப்படித்தான் சொல்வார்கள். நீங்கள் உள்ளதை எழுதுங்கள், மோசமான நாட்களையும் சேர்த்து. அரசை ஏமாற்றச் சொல்கிறேன் என்று யாரும் வரவேண்டாம். நடக்கிறதை மறைக்காமல் எழுதச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

"பெத்த தாயைப் பாக்கக் காசா?" என்று என்னிடமும் கேட்டார்கள். கேட்டது கனடாவில் இருக்கும் என் சொந்தத் தம்பி. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்து, அம்மா மெலிந்துவிட்டா, என்ன சாப்பாடு கொடுக்கிறாய் என்று விசாரிப்பான். ஒரு கிழமை வந்து நின்று பார் என்றால் லீவு இல்லை. அப்பாவின் காணி விஷயத்துக்கு மட்டும் யாழ்ப்பாணம் போக லீவு கிடைத்தது. சரி, அதை விடுவோம்.

இந்தப் பணம் 1976இல் தொடங்கியபோது கல்யாணமான பெண்களுக்குக் கிடையாது. வீட்டில் இருந்து பார்ப்பது அவர்கள் கடமைதானே என்ற நினைப்பு. தன் தாயைப் பராமரித்த ஜாக்குலின் டிரேக் என்ற பெண் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய் 1986இல் வென்ற பிறகுதான் எங்களைப் போன்றவர்களுக்கும் கிடைத்தது. அப்படிப் போராடி வாங்கித் தந்ததை எடுக்க நான் ஏன் கூச வேண்டும்?

வேலை செய்கிறீர்கள் என்றால் ஒன்று கவனம். வரி முதலியவை கழித்த வாரச் சம்பளத்துக்கு ஓர் எல்லை உண்டு, 2025-26இல் அது 196 பவுணாக இருந்தது. எல்லையை விட ஒரு பவுண் கூடினாலும் அந்த வாரக் காசு மொத்தமாகப் போய்விடும். பிறகு கண்டுபிடித்தால் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். நத்தார் நேரம் கடையில் ஓவர்டைம் செய்யச் சொன்னபோது நான் மறுத்தேன். மேலாளருக்கு முகம் சுருங்கியது. சுருங்கட்டும்.

அப்புறம், அம்மாவின் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் முடிவு வந்து மூன்று மாதத்துக்குள் நீங்கள் விண்ணப்பித்துவிடுங்கள். அப்போதுதான் அது தொடங்கிய நாளிலிருந்தே உங்களுக்கும் கணக்குப் பார்ப்பார்கள்.