பெற்றோருக்கு ஆப்பில் மளிகை போடுகிறீர்களா? பை வந்ததும் பார்க்க வேண்டியவை

கேள்வி: நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். அப்பாவும் அம்மாவும் மதுரையில் இருக்கிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, கடைக்குப் போக முடிவதில்லை. அதனால் மாதச் சாமானை இங்கிருந்தே ஒரு சூப்பர் மார்க்கெட் ஆப்பில் போட்டுவிடுகிறேன். போன மாதம் வந்த ரவையில் காலாவதிக்குப் பன்னிரண்டு நாள்தான் பாக்கி. சின்ன வெங்காயம் பாதி அழுகல். கேட்ட புளி இல்லையென்று வேறு ஏதோ அனுப்பியிருந்தார்கள். பில்லும் கடையைவிட அதிகம் என்கிறார் அப்பா. பழையபடி தெருமுனை அண்ணாச்சி கடைக்கே போய்விடலாமா, இல்லை நான் செய்யும் முறையில்தான் கோளாறா?

பதில்: ஆப்பை விட்டுவிட வேண்டாம். ஆனால் எல்லாச் சாமானையும் அதிலேயே போடுவதை நிறுத்துங்கள். போட்டதை வாங்கி வைக்கும் முறையையும் கொஞ்சம் மாற்றுங்கள்.

முதலில் அந்த ரவை ஏன் வந்தது என்று பார்ப்போம். நீங்கள் ஆர்டர் போட்டதும் கடையிலோ கிடங்கிலோ ஓர் ஊழியர் திரையில் வரும் பட்டியலைப் பார்த்து, அலமாரி அலமாரியாகப் போய் எடுத்து வைக்கிறார். ஓர் ஆர்டருக்கு அவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். முதலில் காலாவதியாகும் சரக்கு முதலில் போக வேண்டும் என்பதற்காக அதை முன்வரிசையில் அடுக்குவது கடைகளின் வழக்கம். அம்மா நேரில் போனால் கையை உள்ளே விட்டுப் பின்னாலிருக்கும் பாக்கெட்டை எடுப்பார். ஊழியர் முன்னால் இருப்பதை எடுப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, வேலை அப்படி. அம்மா கடையில் பார்த்து எடுத்ததை இனி வீட்டு வாசலில் பார்த்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான். இதை நீங்கள் பெங்களூரிலிருந்து செய்ய முடியாது. அப்பாவையோ அம்மாவையோ பழக்கிவிட வேண்டும்.

எதை ஆப்பில் போடலாம்? எங்கே வாங்கினாலும் ஒரே மாதிரி இருக்கும் பொருள்கள்: சோப்பு, சலவைத்தூள், உப்பு, சர்க்கரை, டீத்தூள், பாக்கெட் பருப்பு, எண்ணெய். கனமானவையும் இவைதான், மூட்டு வலி உள்ளவர் தூக்கவே கூடாதவை. கீரை, கொத்தமல்லி, சின்ன வெங்காயம், முருங்கைக்காய், மீன் போன்றவற்றைக் கண்ணால் பார்த்துத்தான் வாங்க வேண்டும். அதற்குத் தெருவில் வரும் வண்டிக்காரர் போதும். ஆப்பில்தான் காய் வாங்க வேண்டும் என்றால் காலை நேர டெலிவரியைத் தேர்ந்தெடுங்கள். மொத்தச் சந்தைக்கு லோடு வருவது பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும்தான். சாயங்காலம் வருவது நாள் முழுக்கக் கடையில் கிடந்த காயாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அரிசியைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரையிலான லேபிள் ஒட்டிய அரிசிப் பைகளுக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. அதற்கு மேல் எடை இருந்தால் கிடையாது. அரிசிக்கடைகளில் 26 கிலோ சிப்பம் அடுக்கியிருப்பதற்குக் காரணம் இதுதான். ஆப்பில் 5 கிலோ பையாக வாங்கினால் வரியும் பேக்கிங் செலவும் விலையில் ஏறியிருக்கும். மதுரை வீட்டுக்குப் பக்கத்து அரிசி மண்டியில் போன் செய்தால் மூட்டையை வீட்டிலேயே இறக்கிவிடுவார்களா என்று கேளுங்கள். இரண்டு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு சிப்பம் நிறைய நாள் வரும். வண்டு வைக்கும் என்று அம்மா பயந்தால் பக்கத்து வீட்டோடு பாதியாகப் பங்கு போடலாம்.

இனி பை வந்ததும் செய்ய வேண்டியது. டெலிவரிக்கு வந்த தம்பியை நிறுத்தி வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்க முடியாது, அவருக்கு அடுத்த வீடு இருக்கிறது. அவர் நிற்கும்போது மூன்றை மட்டும் பார்த்தால் போதும்: எத்தனை பைகள், எண்ணெய் ஏதாவது ஒழுகுகிறதா, முட்டை உடைந்திருக்கிறதா. மற்றதை அவர் போனபின் மேசையில் பரப்பிப் பாருங்கள். குளிரில் இருக்க வேண்டியவை முதலில். இட்லி மாவுப் பை உப்பலாக இருந்தால் வழியிலேயே புளித்துவிட்டது. உறைந்த பட்டாணிப் பாக்கெட்டை அசைத்தால் மணி மணியாக உருள வேண்டும். ஒரே கட்டியாக இருந்தால் நடுவில் உருகி மறுபடி உறைந்திருக்கலாம், திருப்பிவிடுங்கள். அதன்பின் மாவு, ரவை, மசாலா, பிஸ்கட் ஆகியவற்றின் தேதிகள். அப்பாவுக்கு அந்தப் பொடி எழுத்து தெரியாவிட்டால் படம் எடுத்து உங்களுக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பச் சொல்லுங்கள். புகார் செய்ய அந்தப் படமே சாட்சியாகவும் ஆகிவிடும்.

தேதி விஷயத்தில் பிடித்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. ஆன்லைனில் உணவுப் பொருள் விற்பவர்கள், டெலிவரி செய்யும்போது பொருளின் ஆயுளில் குறைந்தது 30 சதவீதமோ, காலாவதிக்கு 45 நாளோ மிச்சம் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2024 நவம்பரில் அறிவுறுத்தியது. ரவையின் ஆயுள் ஆறு மாதம் என்றால் பன்னிரண்டு நாள் எந்தக் கணக்கிலும் வராது. புகார் எழுதும்போது இதைக் குறிப்பிட்டே எழுதுங்கள். வெறுமனே 'பழசு' என்று சொல்வதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கும்.

புளி விஷயம் சுலபம். கேட்டது இல்லையென்றால் என்ன செய்வது என்று சில ஆப்கள் ஆர்டரை முடிக்கும் முன் கேட்கும். 'மாற்றுப் பொருள் வேண்டாம், பணத்தைத் திருப்பு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். புளி, மிளகாய்த்தூள், காபித்தூள் மூன்றிலும் அம்மாக்கள் பிராண்டு மாறினால் சமைக்க மாட்டார்கள்.

பில் அதிகம் என்று அப்பா சொல்வதில் நியாயம் இருக்கலாம். பொருளின் விலையை மட்டும் ஒப்பிட வேண்டாம், கடைசியில் கட்டும் தொகையைப் பாருங்கள். டெலிவரி கட்டணம், ஹேண்ட்லிங் கட்டணம், சிறிய ஆர்டருக்கான கட்டணம், மழை பெய்தால் அதற்கொரு கட்டணம் என்று கீழே சேர்ந்துகொண்டே போகும். டிப்ஸோ நன்கொடையோ நீங்கள் தொடாமலே டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள். நீங்கள் கேட்காததைக் கூடையில் சேர்ப்பதை மத்திய அரசு 2023 நவம்பரில் தடை செய்த 13 ஏமாற்று வடிவமைப்புகளில் ஒன்றாகப் பட்டியலிட்டிருக்கிறது. மாதத்தில் நாலைந்து முறை அரைகுறையாகப் போடுவதைவிட இரண்டு பெரிய ஆர்டராகப் போட்டால் இந்தக் கட்டணங்கள் நிறையக் குறையும். 'முதல் மாதம் இலவசம்' என்று மெம்பர்ஷிப் எடுத்திருந்தால் யூ.பி.ஐ. ஆப்பில் ஆட்டோபே (தானாகப் பணம் எடுக்கும் அனுமதி) பகுதியைத் திறந்து பாருங்கள். அந்த மெம்பர்ஷிப்புக்கான அனுமதி அங்கே இன்னும் உயிரோடு இருக்கலாம்.

விலையில் இன்னொரு சூட்சுமம் எடை. ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம். பார்க்க லிட்டர் பாக்கெட் போலவே இருக்கும், ஆனால் 850 கிராம் என்று போட்டிருக்கும் பாக்கெட்டுகளும் விற்கின்றன. 'பத்து ரூபாய் குறைவு' என்று நினைத்து வாங்கியது உண்மையில் அறுபது கிராம் குறைவாக இருக்கலாம். கிலோவுக்கு, லிட்டருக்கு என்ன விலை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பாக்கெட்டில் அச்சடித்த எம்.ஆர்.பி.க்கு மேல் ஒரு ரூபாய்கூடப் பொருளுக்காக வாங்கக் கூடாது. டெலிவரி கட்டணம் மட்டும் தனிக் கணக்கு.

சரி, கெட்டுப்போன பொருள் வந்துவிட்டது. அன்றைக்கே ஆப்பில் புகார் போடுங்கள். காய்கறி, பால் பொருள்களுக்குக் கொடுக்கும் அவகாசம் பெரும்பாலும் குறைவு. பாக்கெட்டின் முன்பக்கம், தேதி, பேட்ச் எண், பில் எல்லாவற்றையும் படமாக இணையுங்கள். பணத்தை ஆப்பின் வாலட்டில் போடுவதா, வந்த கணக்குக்கே அனுப்புவதா என்று கேட்டால் இரண்டாவதைச் சொல்லுங்கள். வாலட்டில் விழுந்த பணம் மறுபடி அவர்களிடமே செலவாகும். குறையுள்ள பொருளையோ, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளையோ திரும்ப வாங்க மறுக்கக் கூடாது என்கின்றன 2020-இன் மின்வணிக விதிகள். அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரி உங்கள் புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவர் பெயரும் தொடர்பு விவரமும் ஆப்பிலேயே இருக்க வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே போனாலும், பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது.

அப்பாவிடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவையுங்கள். ரீஃபண்ட் வரவில்லையென்று கஸ்டமர் கேர் நம்பரை இணையத்தில் தேடக் கூடாது. அப்படித் தேடினால் கிடைப்பவற்றில் மோசடிக்காரர்களின் எண்களும் உண்டு. திரையைப் பகிரச் சொல்வார்கள், வேறு ஆப் ஏற்றச் சொல்வார்கள், யூ.பி.ஐ. பின் கேட்பார்கள். பணம் நம் கணக்குக்கு வர யூ.பி.ஐ. பின் தேவையே இல்லை. ஆப்புக்குள் இருக்கும் உதவிப் பகுதி வழியாக மட்டும் பேசட்டும், இல்லாவிட்டால் உங்களைக் கூப்பிடட்டும். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் இணையவழிப் பண மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழைக்க வேண்டும். அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி போன் பக்கத்தில் ஒட்டி வைக்கச் சொல்லுங்கள்.