குத்தகை நிலம் போகிறது, பட்டியலில் பெயர் இல்லை

பாபநாசம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மாமனார் காலத்திலிருந்து குத்தகைக்குச் சாகுபடி செய்யும் ஆறு மா (சுமார் இரண்டு ஏக்கர்) நிலத்தை அரசு அலுவலக வளாகம் கட்ட எடுக்கிறார்கள். நிலம் எடுத்தால் யார் யார் பாதிக்கப்படுவார்கள் என்று பார்க்கும் சமூகத் தாக்க மதிப்பீட்டுக்கு வந்தவர்கள் பஞ்சாயத்து ஆபீசில் உட்கார்ந்து நிலக்காரர்களை மட்டும் விசாரித்துவிட்டுப் போனார்களாம். நிலக்காரரின் மகன் 'நாங்களே சாகுபடி செய்கிறோம்' என்று சொல்லிவிட்டார். பாதிக்கப்படும் குடும்பங்கள் பட்டியலில் இவர் பெயர் இல்லை. நிலம் எடுக்கப்போகிறோம் என்ற முதல்நிலை அறிவிக்கை வந்து மூன்று வாரம் ஆகிறது, ஹைகோர்ட் போகலாமா என்று கேட்கிறார்.

அம்மா, யார் எங்கே உட்கார்ந்து விசாரித்தார்கள், இரண்டு தலைமுறை உழைப்பை ஒரே வார்த்தையில் இல்லையென்று எப்படிச் சொன்னார்கள் என்பதெல்லாம் வயிற்றெரிச்சல்தான், ஆனால் கேஸ் அதில் நிற்காது. நிலம் எடுப்பதற்கு முந்தைய மூன்று வருடம் நீங்கள் அங்கே சாகுபடி செய்தீர்கள், அதுதான் முக்கியப் பிழைப்பு என்பதற்குக் காகிதம் இருக்கிறதா? அது இருந்தால் 2013 நிலமெடுப்புச் சட்டப்படி பட்டா இல்லாத குத்தகைதாரரும் பாதிக்கப்பட்ட குடும்பம்தான். அறிவிக்கை வெளியான 60 நாளுக்குள் மதிப்பீட்டு அறிக்கையின் மீதே கலெக்டரிடம் ஆட்சேபம் கொடுக்கலாம். ஹைகோர்ட்டில் ரிட் மனு போட்டுவிட்டு வாய்தாவுக்கு அலைந்தால் அந்த 60 நாள் போய்விடும். அப்புறம் மறுவாழ்வுத் திட்டத்துக்குக் கணக்கெடுக்க வருவார்கள், அன்றைக்கு ஊரில் இருங்கள்.

அடங்கல் (கிராமச் சாகுபடிக் கணக்கு), கூட்டுறவுச் சங்கக் கடன், பயிர்க் காப்பீடு, கொள்முதல் நிலைய ரசீது எல்லாவற்றையும் எடுங்கள். நம் பக்கத்தில் பலர் நிலக்காரர் பேரிலேயே நெல்லைப் போடுகிறார்கள். நீங்களும் அப்படிச் செய்திருந்தால் பணம் பிறகு உங்கள் கைக்கு வந்ததற்குப் பாஸ்புக்கில் வரவு இருக்கிறதா பாருங்கள். குத்தகைப் பதிவேட்டில் இன்னும் மாமனார் பேர் இருந்தால் பதிவு அதிகாரியிடம் மாற்ற மனுக் கொடுங்கள். 'நான்தான் குத்தகைதாரர்' என்று முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டுவிடாதீர்கள், 1969 குத்தகைப் பதிவுச் சட்டப்படி அதை சிவில் கோர்ட் விசாரிக்க முடியாது.

இனிதான் நான் பயப்படும் இடம். நிலக்காரர் வீட்டிலிருந்து ஒருவர் ஐம்பதாயிரமும் ஒரு பத்திரமுமாக வருவார். 'சும்மா ஒரு கையெழுத்துதான் அக்கா' என்பார். உள்ளே கூலிக்குத்தான் உழுதேன் என்றோ, குத்தகையை விட்டுக்கொடுத்துவிட்டேன் என்றோ இருக்கும். நான் வழக்கு நடத்தும் கட்சிக்காரர் ஒருவர் அப்படிப் போட்ட கைநாட்டை ஆறு வருடமாக உடைக்க முடியவில்லை. படித்துக் காட்டாமல் எதிலும் கை வைக்காதீர்கள்.

அதற்காக மல்லுக்கட்டவும் வேண்டாம். இழப்பீட்டில் யாருக்கு எவ்வளவு என்று தகராறு வந்தால் பணம், இந்தத் தகராறுகளை விசாரிக்கும் நிலமெடுப்பு ஆணையத்தில் கட்டப்பட்டுக் கிடக்கும், வருடக்கணக்கில் இரண்டு பேருக்கும் வராது. இது நிலக்காரருக்கும் உறைக்கும், அதைச் சொல்லிப் பேசுங்கள். பாதிக்குக் குறைவாக வந்தாலும் ஒப்புக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் அந்தப் பங்கீடு, இழப்பீட்டை முடிவு செய்து கலெக்டர் போடும் தீர்வத்திலேயே பதிவாக வேண்டும், வாய்ச்சொல் போதாது. மறுவாழ்வுத் தொகை தனி. வேலை தராவிட்டால் குடும்பத்துக்கு ஒரே தடவையாக 5 லட்சம், அல்லது மாதம் குறைந்தது 2,000 வீதம் 20 வருடம். அது உங்களுடையது, அதில் அவருக்குப் பங்கு எழுதிக்கொடுக்காதீர்கள்.

தொகை குறைவு என்று தோன்றினால் வாங்கும்போதே 'ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அது இல்லாமல் வாங்கிவிட்டால் கூடுதல் கேட்டு ஆணையத்துக்குப் போக முடியாது.