காயின் போன்கள் ஏன் காணாமல் போயின? யுபிஐ வந்ததாலா?

காயின் போன் என்பது ஒரு ரூபாய் நாணயம் போட்டால் உள்ளூர் அழைப்புக்கு வழிவிடும் பெட்டி. கோவை, திருப்பூர், ஈரோடு என்று எங்கும் பெட்டிக்கடை வாசலில் தொங்கியது. காசின் அளவையும் எடையையும் சரிபார்த்த பிறகே பேசவிடும். அதனால் 25 மில்லிமீட்டர் காசுக்கு அமைத்த பெட்டியை மாற்றியமைக்காவிட்டால், 2011-இல் வந்த 22 மில்லிமீட்டர் காசு அதில் செல்லாது. இது சின்னத் தொல்லைதான்.

உண்மையான காரணம் செல்போன். 2003-இல் இன்கமிங் இலவசமானதும் கூலி வேலைக்குப் போகிறவர் கையிலும் போன் வந்தது. கடைக்காரருக்கு வசூல் படுத்தது. வீட்டுக்கு வீடு சிறுவாணித் தண்ணீர் இணைப்பு வந்தால் தெருக்குழாயில் யார் குடம் வைப்பார்கள்?

யுபிஐதான் காயின் போனை ஒழித்தது என்று பலரும் நினைக்கிறார்கள். யுபிஐ தொடங்கியதே 2016-இல், அதற்குள் பெரும்பாலான பெட்டிகள் ஓய்ந்துவிட்டன.