நிறுத்துவதற்கு முன் திறப்பைக் கைமாற்றுங்கள்

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் மெயின்ஃபிரேம் எனும் பெருங்கணினிகளை இரவுப் பணியில் கவனித்து வருகிறேன். இஸட்/ஓஎஸ் என்ற இயங்குதளம் ஓடும் இரண்டு சிஸ்டங்கள் ஒரே சிஸ்பிளெக்ஸில், அதாவது ஒன்றாக இணைந்து இயங்கும் கூட்டில், உள்ளன. பராமரிப்புக்காக ஒன்றின் வேலைகளை முடித்து, நேரே சிஸ்பிளெக்ஸிலிருந்து விலக்கினோம். மற்றதில் இருந்தவர்களுக்குச் சில டைரக்டரிகள் திறக்கவில்லை; நிறுத்தியது திரும்பி வந்த பின்பே சரியானது. எங்கே பிழை விட்டோம், ஐயா?

பதில்: இரண்டு சிஸ்டங்களிலிருந்தும் ஒரே கோப்புகள் தெரிந்தாலும், மவுண்ட் செய்யப்பட்ட, அதாவது பயன்பாட்டுக்கு இணைக்கப்பட்ட, ஒவ்வொரு ஃபைல் சிஸ்டத்துக்கும் (கோப்புத் தொகுதிக்கும்) ஒரு சிஸ்டமே உரிமையாளராக இருக்கிறது. ஊருக்குப் போகிறவர் பொதுக் கிணற்றடியின் திறப்பைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். உங்கள் சிஸ்டமோ சில திறப்புகளைக் கையோடு கொண்டுபோய்விட்டது.

கொன்சோலில் ‘டி ஓஎம்விஎஸ்,எஃப்’ கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு ஃபைல் சிஸ்டத்துக்கும் ஓனர் என்ற இடத்தில் சிஸ்டத்தின் பெயரும், அதையடுத்து ஆட்டோமூவ் என்ற இடத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். அந்த எழுத்து ‘ஒய்’ என்றால், உரிமை மற்றச் சிஸ்டத்துக்கு மாறக்கூடியது. ‘யு’ என்றால், உரிமையாளர் விலகும்போது அது அன்மவுண்ட் ஆகிவிடும். ஈடிசி, வார், டெம்ப் டைரக்டரிகள் போன்று அந்தந்தச் சிஸ்டத்துக்கே உரியவற்றுக்கு இதுவே பொருத்தம். ‘என்’ என்றால், நீங்கள் விலக்கியது போல விலக்கும்போது அது உரிமையாளர் அற்றதாகி, பழைய உரிமையாளர் திரும்பும் வரை எவருக்கும் திறக்காது. உங்களுக்கு நேர்ந்தது பெரும்பாலும் இதுதான். ஆகவே பிழை, நிறுத்திய இரவில் அல்ல, அதை மவுண்ட் செய்த நாளிலேயே தொடங்கியிருக்கிறது. இரு பக்கமும் தேவைப்படுபவற்றை ‘செட்ஓஎம்விஎஸ்’ கட்டளையால் ‘ஒய்’ ஆக்குவதோடு, பிபிஎக்ஸ்பிஆர்எம் பாராமீட்டர் கோப்பிலும் திருத்துங்கள். இல்லையேல் அடுத்த ஐபிஎல்லில் (சிஸ்டத்தை மீண்டும் தொடக்கும்போது) பழைய நிலையே திரும்பும்.

நிறுத்தும் நாளில் முதலில் பயனர்களையும் பேட்ச் வேலைகளையும், பின்னர் டிபி2 தரவுத்தளம், சிஐசிஎஸ் பரிவர்த்தனைச் சேவை, என்எஃப்எஸ் கோப்புப் பகிர்வுச் சேவையகம், பின்னணியில் ஓடும் டீமன்கள் ஆகியவற்றையும் முடித்துவிட்டு, விலகப்போகும் சிஸ்டத்தில் ‘எஃப் பிபிஎக்ஸ்ஓஇனிட்,ஷட்டவுன்=ஃபைல்ஓனர்’ கொடுங்கள். எழுதி முடியாத தரவு டிஸ்க்குக்குப் போய்ச் சேர்ந்து, மாறக்கூடிய ஃபைல் சிஸ்டங்களின் உரிமை ஒழுங்காகக் கைமாறும். நிறுத்திய இரவில் நீங்கள் தவறவிட்ட படி இது. எழுதிக்கொண்டிருக்கும் கோப்புகள் இருக்கும்போது இதைத் தவறவிட்டால் தரவு இழப்பு வரக்கூடும் என்பதால், இதை விட்டுவிட்டு நேரடியாக விலக்குவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். மறுபக்கத்தில் ‘டி ஓஎம்விஎஸ்,எஃப்’ மீண்டும் கொடுத்து, ஓனர் பெயர் மாறியதைக் கண்ணால் பார்த்த பிறகே மேலே செல்லுங்கள்.

வேலைகளை ஏற்று வரிசைப்படுத்தும் ஜெஸ்2 உடனே நிற்காவிட்டால் பதற வேண்டாம். யூனிக்ஸ் புரோசஸ்களுக்கு இடம் தரும் பிபிஎக்ஸ்ஏஎஸ் இனிஷியேட்டர்கள் வேலையின்றி 30 நிமிடம் காத்திருந்தே தாமாக முடியும்; ‘எஃப் பிபிஎக்ஸ்ஓஇனிட்,ஷட்டவுன்=ஃபோர்க்இனிட்’ கொடுத்தால் அந்தக் காத்திருப்பு இல்லை.

சிஸ்டம் திரும்பி வந்ததும், கைமாறிய உரிமை தானாகத் திரும்பாது. பழைய இடத்திலேயே வேண்டுமானால் ‘செட்ஓஎம்விஎஸ்’ கட்டளையில் சிஸ்நேம் குறிப்பிட்டு, நீங்களே மாற்ற வேண்டும்.