அண்ணனுக்கு மனநோய், போலீஸ் பிடித்துவிட்டது: இப்போது என்ன செய்வது?

கேள்வி: என் அண்ணனுக்குப் பல வருடமாக மனச்சிதைவு நோய். மாத்திரையை நிறுத்திவிட்டார். யாரோ துரத்துகிறார்கள் என்று கத்திக்கொண்டே கடைவீதியில் ஒரு கடைக் கண்ணாடியை உடைத்துவிட்டார். ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறார்கள். ஜெயிலுக்குப் போகாமல் சிகிச்சைக்குக் கொண்டுபோக வழி உண்டா? (ஒரு வாசகி, விழுப்புரம்)

பதில்: உண்டும்மா. ஆனால் எஃப்.ஐ.ஆர். பதிவாவதற்குள் ஓடுங்கள். பிறகு இதையே சாதிக்க மாதக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருக்கும்.

பழைய மருந்துச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, பாதி தீர்ந்த மாத்திரை அட்டை எல்லாவற்றோடும் இன்ஸ்பெக்டரைப் பாருங்கள். “மனநிலை சரியில்லாதவர், விட்டுடுங்க சார்” என்று வாயால் கெஞ்சினால் போதாது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 100 என்று குறிப்பிட்டு மனுவாகவே கொடுங்கள். மனநோயால் தனக்கோ பிறருக்கோ ஆபத்தான நிலையில் இருப்பவரை அந்தப் பிரிவின்கீழ் போலீஸ் தன் பாதுகாப்பில் எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால் 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்காகக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கவே கூடாது. கையோடு கடைக்காரரையும் பாருங்கள். நோயை மறைக்காமல் சொல்லி, கண்ணாடிக்கான பணத்தையும் கொடுத்தால் பலர் புகாரை வற்புறுத்த மாட்டார்கள்.

சரி, கைதே செய்துவிட்டார்கள் என்றால்? ரிமாண்டுக்கு முன் மருத்துவப் பரிசோதனைக்குக் கூட்டிப்போவார்கள். பல குடும்பங்கள் கோட்டை விடுவது இங்கேதான். டூட்டி டாக்டர் காயம் இருக்கிறதா, பிரஷர் எவ்வளவு என்று பார்ப்பார். அதற்குள் உங்கள் அண்ணன் களைத்துப்போய் அமைதியாக உட்கார்ந்திருப்பார். பார்வைக்கு நன்றாக இருக்கிறார் என்று எழுதினால் நேராகச் சிறைதான். கூடவே போய்ச் சீட்டுகளைக் காட்டி, மனநலப் பிரிவுக்கு அனுப்பும்படி கேளுங்கள்.

மாஜிஸ்திரேட்டிடமும் அதே காகிதங்கள்தான் பேசும். அதே மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் பிரிவு 102-இன்படி அவர் அரசு மனநல மருத்துவமனைக்கு அனுப்ப உத்தரவிடலாம். மதிப்பீட்டுக்காக அதிகபட்சம் 10 நாள் அங்கே சேர்க்கவும் அனுமதிக்கலாம். வழக்கு நடந்தால், தன்னைத் தற்காத்துக்கொள்ளும் மனநிலை இப்போது அவருக்கு இல்லை என்று நீதிமன்றம் கருதும்போது, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். பிரிவு 369-இன்கீழ் ஜாமீன் கேட்கலாம். உள்நோயாளியாக இருக்க வேண்டியதில்லை என்ற நிலையும், தவறாமல் சிகிச்சைக்குக் கூட்டிப்போவதாகக் குடும்பத்தார் தரும் உறுதிமொழியும் அதற்கு வேண்டும். வக்கீலுக்குப் பணம் இல்லையா? 15100-ஐ அழையுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக அமர்த்தித் தரும்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நோய் இருக்கிறது என்பதாலேயே வழக்கு தள்ளுபடி ஆகாது. உடைத்த அந்த நேரத்தில், செய்வது இன்னதென்றோ அது தப்பென்றோ புரியாத நிலையில் இருந்தார் என்று நாம்தான் காட்ட வேண்டும், குற்றங்களுக்கான சட்டமான பி.என்.எஸ். பிரிவு 22 கேட்பது அதை. அதனால் மாத்திரையை எப்போது நிறுத்தினார், எப்போதிலிருந்து தூங்கவில்லை, அன்று என்னவெல்லாம் பேசினார் என்பதை நினைவு மங்குவதற்குள் இன்றைக்கே தேதியோடு எழுதி வையுங்கள். அதில் ஒரு பிரதி வக்கீலுக்கு, ஒன்று டாக்டருக்கு.