டச் சுவிட்ச் போடலாமா, பழைய குமிழே போதுமா?

கேள்வி: பழைய ஃப்ளாட்டைப் புதுப்பிக்கிறோம். வீடு முழுக்கக் கண்ணாடி டச் சுவிட்ச் போர்டு போட்டு, எல்லாவற்றையும் போனிலேயே இயக்கலாம் என்கிறான் மகன். மாமியாருக்கு 74 வயது, பார்வை மங்கல். எதை வாங்குவது?
- வாசகி, நங்கநல்லூர்

பதில்: மாமியார் புழங்கும் இடங்களில் டச் போர்டு வேண்டாம். சமையலறையில் யாருக்குமே வேண்டாம். விரல் பட்டதும் மின்னேற்றத்தில் ஏற்படும் மாற்றத்தை வைத்துத்தான் டச் சுவிட்ச் வேலை செய்கிறது. தண்ணீர் பட்டாலும் அந்த மாற்றம் வரும். அரிசி களைந்த கையோடு விளக்கைப் போடப்போனால் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடலாம். எதுவுமே ஓடாமலும் போகலாம். தவிர, இருட்டில் வழவழவென்ற கண்ணாடியில் எந்த இடம் எதற்கு என்று விரலுக்குத் தெரியாது. பழைய ரெகுலேட்டரை ‘டக் டக்’கென்று திருப்பினால் ஃபேன் இரண்டில் ஓடுகிறது என்பது பாதித் தூக்கத்திலும் தெரிந்துவிடும்.

நிதானமாக, கைக்குத் தெரியும்படி இயங்குவது பாதுகாப்பும்கூட. பல கேஸ் அடுப்புகளில் குமிழை உள்ளே அழுத்தினால்தான் திருப்ப முடியும். புடவைத் தலைப்பு மாட்டியோ குழந்தை கை பட்டோ திறந்துகொள்ளக் கூடாதே! இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கினாலும் அழுத்தும் பட்டனோ குமிழோ உள்ள மாடலாகக் கேளுங்கள்.

கைக்குத் தெரிவதற்கு ஓர் அழகான உதாரணம் உண்டு. டரல் பிஷப் என்ற வடிவமைப்பாளர் 1992இல், நாம் இல்லாதபோது கூப்பிடுகிறவர்கள் சொல்லும் செய்தியைப் பதிந்துவைக்கும் தொலைபேசிக் கருவி ஒன்றை யோசித்தார். செய்தி வரும்போதெல்லாம் ஒரு கோலிக்குண்டு உருண்டு வரும். அதை எடுத்துக் குழியில் வைத்தால் செய்தி ஒலிக்கும். எத்தனை பேர் கூப்பிட்டார்கள் என்பதைக் கோலியை எண்ணியே சொல்லிவிடலாம். இந்த அக்கறையோடு செய்த பொருள் நம் கடைகளில் அரிதாக இருப்பது எனக்குப் பெரிய வருத்தம்.

மகன் ஆசையும் நியாயம்தான். சாதாரண சுவிட்சுக்குப் பின்னால் பொருத்தும் ஸ்மார்ட் மாட்யூல் கிடைக்கிறது. போனிலும் இயக்கலாம், நெட் போனாலும் சுவிட்ச் வேலை செய்யும். பெரும்பாலான மாட்யூலுக்கு நியூட்ரல் ஒயர் (மின்சாரம் திரும்பிப் போகும் ஒயர்) வேண்டும். பழைய வீட்டு சுவிட்ச் பாக்ஸில் அது இல்லாமலும் போகலாம். சுவர் பூசுவதற்குள் எலக்ட்ரீஷியனை இழுத்துவிடச் சொல்லுங்கள்.

ஃபேனையும் மாற்றுவதாக இருந்தால், சாதாரண ஃபேன் 75 வாட் என்றால், பிஎல்டிசி (பிரஷ் இல்லாத மோட்டார்) ஃபேனுக்கு 30 வாட்டை ஒட்டித்தான் ஆகும். ஆனால் பெரும்பாலும் ரிமோட்தான். பழைய ரெகுலேட்டர் பல மாடல்களுக்கு ஒத்துவராது. சுவர் ரெகுலேட்டரோடு இயங்கும் மாடலா என்று கேட்டு வாங்குங்கள்.

ரிச்சி தெருவானாலும் தி.நகரானாலும் மாமியாரையும் கூட்டிப்போங்கள். கண்ணை மூடிக்கொண்டு டிஸ்ப்ளே போர்டில் சுவிட்சைத் தேடச் சொல்லுங்கள். பில்லில் மாடல் எண்ணும் வாரண்டியும் இருக்கட்டும். கடைக்காரர் பிறகு கைவிரித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.