எழுத்தாளர் வட்டம் ஒன்றில் சேர்வதால் உண்மையில் பயன் உண்டா?

கேட்டவர் கொழும்பில் வேலை செய்துகொண்டு இரவில் சிறுகதை எழுதுகிறவர். “தனியாக எழுதினால் போதாதா? வட்டம், சங்கம் என்று அலைய வேண்டுமா?” என்கிறார்.

எழுத நீங்கள் ஒருவரே போதும். ஆனால் எழுதியதில் எது பிழை என்று உங்களுக்குப் பிடிபடாது. உங்கள் பிழைகள் உங்களுக்குப் பழகிப்போனவை. எனக்கு இது விளங்கியது ஒரு கதையால். அதையே சொல்லிவிடுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்து ஆள். இருப்பது தெஹிவளை, பகலில் கணக்கு வேலை. சில வருடங்களுக்கு முன் தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒருத்தியை வைத்துக் கதை எழுதினேன். நுவரெலியாவுக்கு இரண்டு தரம் சுற்றுலா போய்வந்த துணிச்சல்தான், வேறொன்றுமில்லை. ‘அவள் விடிய எழும்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போனாள்’ என்று தொடங்கும். எங்கள் வட்டத்தில் ஆறு பேர். அதை வாசித்தபோது அட்டன் பக்கத்து நண்பர் முதல் வரியிலேயே கையைத் தூக்கிவிட்டார்.

“அண்ணே, அவ இருக்கிறதே தோட்டத்துலதானே? அப்புறம் எங்க தோட்டத்துக்குப் போறது? வேலைக்குன்னா மலைக்குப் போவாங்க.”

சரி, மாற்றினேன். ‘இலை பறித்தாள்’ என்றிருந்தது கொழுந்து ஆனது. இரண்டாம் பக்கத்தில் ‘பறித்தது குறைந்ததால் அன்று அவளுக்குப் பாதிச் சம்பளம்தான்’ என்று ஒரு வரி. அவர் அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “எங்கம்மா இப்படிச் சொல்லாது. ‘இன்னிக்கு அரைப்பேர் போட்டுட்டாங்க’ன்னு சொல்லும்” என்றார்.

தெரியாதவர்களுக்கு: தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். இத்தனை கிலோ கொழுந்து என்று கணக்கு உண்டு, அது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். அது குறைந்தால் அரைப்பேர், அரைநாள் கூலி. நான் இரண்டு மாதம் குந்தியிருந்து அந்தப் பெண்ணின் துயரத்தைப் பக்கம் பக்கமாக வர்ணித்திருந்தேன். அவருடைய அம்மா பின்னேரத் தேத்தண்ணியோடு ஒரு சொல்லில் சொல்லி முடித்திருக்கிறார். நாளெல்லாம் மழையில் நின்ற மனுஷியின் பேரில் பாதியை வெட்டிவிட்டுப் போகிற சொல். அன்றிரவே பழைய பிரதியைக் கிழித்தேன். புதுக் கதைக்குத் தலைப்பே ‘அரைப்பேர்’.

கொழும்பில் இருப்பவருக்கு இந்த வகையில் ஒரு அதிர்ஷ்டம் உண்டு. இங்கே தமிழ் எழுதுகிறவர்களில் முக்கால்வாசிப்பேர் வேறெங்கோ இருந்து வந்தவர்கள். ஒரு மேசையைச் சுற்றி மலையகம், மட்டக்களப்பு, மன்னார், கொட்டாஞ்சேனை எல்லாம் இருக்கும். நான் யாழ்ப்பாணத்திலேயே இருந்திருந்தால் என்னைப் போலவே கதைக்கிற ஐந்து பேர் ‘நல்லாயிருக்கு’ என்று சொல்லியிருப்பார்கள், அந்தக் கதை பிழையோடேயே அச்சேறியிருக்கும்.

திருப்பிக் கொடுக்கவும் வாய்ப்பு வரும். அக்கரைப்பற்று ஆசிரியை ஒருவர் எங்களோடு இருக்கிறார். அவருடைய கதாநாயகன் 2003இல் கோட்டையில் யாழ்தேவி ஏறி நேராக யாழ்ப்பாணத்தில் இறங்கிவிட்டான். “டீச்சர், 1990க்குப் பிறகு 2014 வரைக்கும் யாழ்ப்பாணத்துக்கு ரயில் வரவில்லை. 2003இல் வவுனியாவோடு சரி” என்றேன். அவனை வவுனியாவில் இறக்கினோம். போரில் மூடிக்கிடந்த ஏ9 பாதை திறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ஓமந்தைச் சோதனைச்சாவடியில் இறங்கி வரிசை, முகமாலையில் திரும்பவும் வரிசை. கதையில் இருந்த ஒரேயொரு சோம்பலான பந்தி, வெயிலில் பையைத் திறந்து காட்டியபடி நிற்கும் நாலு பக்கமாகிவிட்டது. அதற்கு வட்டி போட்டுத்தான் பிறகு ஒருநாள் கேட்டார்: “தம்பி, உங்கட கதையள்ல பொம்பிளையள் ஒருத்தரும் சிரிக்கிறாங்க இல்லியே, கவனிச்சீங்களா?” கவனித்ததில்லை. பதினொரு கதைகளைத் திருப்பிப் பார்த்தேன். ஒருத்தி கூடச் சிரிக்கவில்லை.

ஈழத்து எழுத்தில் இது புதுப் பழக்கமும் அல்ல. 1943இல் யாழ்ப்பாணத்தில் மறுமலர்ச்சிச் சங்கம், 1954இல் முற்போக்கு எழுத்தாளர் சங்கம் என்று ஆட்கள் கூடித்தான் எழுதியிருக்கிறார்கள், கூடித்தான் சண்டையும் பிடித்திருக்கிறார்கள். எழுத்தாளர் டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய ‘மல்லிகை’ சஞ்சிகை வளர்ந்தது அவருடைய சலூனில். முடி வெட்ட வந்தவரும் கதையோடு வந்தவரும் ஒரே வாங்கில் இருந்த இடம் அது.

இனி மற்றப் பக்கம். நான் முதலில் சேர்ந்தது இந்த வட்டத்தில் அல்ல. அதன் பெயர் வேண்டாம். ஏழு மாதம் போனேன். வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, பொன்னாடை, நன்றியுரை. இடையில் யாராவது கதை வாசித்தால் ‘அருமை’ என்பார்கள், அடுத்தவர் வாசிப்பார், அவருக்கும் ‘அருமை’. ஏழு மாதத்தில் என் ஒரு வசனத்தைக்கூட ஒருவரும் மறித்துக் கேட்கவில்லை. பொன்னாடை மட்டும் வீட்டில் இரண்டு கிடக்கிறது, மனைவி சலவைப் பெட்டிக்கு மேல் போட்டிருக்கிறாள். இப்படியான இடத்தில் சேர்வதைவிடத் தனியாக எழுதுவது மேல்.

இன்னொன்றும் பட்டுத்தான் தெரிந்தது. முடியாத கதையைக் கொண்டுபோகாதீர்கள். ஒருமுறை ஆர்வத்தில் மனதில் இருந்த கதையை முழுவதுமாக வாயால் சொல்லிவிட்டேன். எல்லோரும் ரசித்தார்கள். வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்தால் எழுத ஒன்றும் மிஞ்சவில்லை. அந்தக் கதை இன்றுவரை எழுதப்படவில்லை. களவு போகுமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். எனக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

புத்தகம் போடுகிற நேரத்திலும் வட்டம் கைகொடுக்கும். இங்கே பெரும்பாலும் எழுதியவரே காசு போட்டு அச்சடிக்க வேண்டும், 300 அல்லது 500 பிரதி. ஐ.எஸ்.பி.என். இலக்கத்துக்குச் சுதந்திர சதுக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தேசிய நூலகத்தில் கேட்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. என் தொகுதி 102 பக்கம் வந்தது. அச்சகத்தில் வேலை செய்யும் எங்கள் ஆள் ஒருவர், “16, 16ஆத்தான் மடிக்கிறது. 96க்குக் கொண்டுவா, இல்லாட்டி 112க்குக் காசைக் கட்டு” என்றார். ஆறு பக்கக் கதை ஒன்றை எடுத்தேன். அதை எடு எடு என்று ஐந்து பேரும் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதவன் பேப்பர் விலைக்கு மடங்கினேன்.

நாங்கள் கூடுவது போயா தினத்தில், கொட்டாஞ்சேனையில் ஒருவர் வீட்டு மேல்மாடியில். எல்லோருக்கும் லீவு, மதுக்கடையும் பூட்டு, ஆகவே எல்லோரும் தெளிவாக இருப்பார்கள். வாசிக்கிறவர் ஆறு பிரதி போட்டோகொப்பி எடுத்து வர வேண்டும். மற்றவர்கள் கதைத்து முடிக்கும்வரை அவர் வாய் திறக்கக்கூடாது. வேறு சட்டம் இல்லை.

இப்படி ஒன்றை எங்கே தேடுவது என்றால், வெள்ளவத்தை உருத்திரா மாவத்தையில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, 1942இல் தொடங்கியது. அங்கே நூல் வெளியீட்டுக்குப் போங்கள். மேடையை விடுங்கள், முடிந்த பிறகு வாசலில் யார் நிற்கிறார்கள், யார் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு குறை சொல்கிறார்கள் என்று பாருங்கள். அட்டன் நண்பரை நான் சந்தித்தது அப்படித்தான். அன்று வெளியான தொகுதியில் ஒரு கதையின் முடிவு பொய் என்றார் அவர், இல்லை என்றேன் நான். கதைத்தபடியே காலி வீதிக்கு வந்துவிட்டோம். அவர் புறக்கோட்டைப் பக்கம் 100ஆம் இலக்க பஸ் எடுக்க வேண்டியவர். எனக்குத் தெஹிவளை பஸ் வீதியின் மறுபக்கம். அவரோடு இந்தப் பக்கத்திலேயே நின்றேன். மூன்று பஸ் போனது, அவர் ஏறவில்லை.